உண்ணிக் காய்ச்சலும் பழைய மாத்திரையும்

ஜவ்வாது என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் உள்ளவர்களுக்கு வாசனைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். பழைய வட ஆர்க்காட்டுப் பிரதேசத்து ஜனங்களுக்கோ மலை ஞாபகத்துக்கு வரும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமான ஜவ்வாது மலை, இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் சாமை விளைகிறது. தேனும் புளியும் பலாவும் அங்கிருந்து கீழே இறங்கிச் சந்தைக்கு வருகின்றன. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலைவாசிகள் என்ற பொருளில் ஏற்பட்ட பெயரே தவிர, கேரள தேசத்தைக் குறிப்பது அன்று. செய்யாறு உற்பத்தியாவதும் இந்த மலையிலேதான்.

இம்மலையின் மேல் காவலூர் என்னும் இடத்தில் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட தொலைநோக்கி ஒன்று 1986-ம் வருஷத்திலிருந்து நட்சத்திரங்களை ஆராய்ந்து வருகிறது. எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் உள்ளவற்றையெல்லாம் காண்பதற்கு அங்கே சாதனம் உண்டு. ஆனால் அந்த மலை அடிவாரத்துப் புதரிலும் புல்லிலும் ஒட்டிக் கொண்டிருக்கும் ஒரு பூச்சிக் குஞ்சை, அருகில் குனிந்து பார்த்தாலும் நம் கண் காண்பதில்லை. அதன் நீளம் கால் மில்லிமீட்டர்கூட இராது. அந்தப் பூச்சிக் குஞ்சையும், அது உண்டாக்கும் ஜுரத்தையும், அந்த ஜுரத்தைத் தீர்க்கும் ஒரு பழைய மருந்தையும் பற்றித்தான் நேயர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறோம். முக்கியமாக, அந்த மருந்தைப் பற்றி ஜனங்களிடையே உள்ள அச்சங்களில் எது நியாயமானது, எது வீணானது என்பதைப் பார்க்கவேண்டும். ஏனெனில், இங்கே மருந்துக்கு அஞ்சித் தாமதிப்பதால் உயிரே போய்விடக் கூடும்.

நோய் வரும் வழி

இந்த ஜுரத்தை ஆங்கில வைத்தியர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் இதற்கு உண்ணிக் காய்ச்சல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மாட்டின் மேல் தொங்கும் பெரிய உண்ணி அல்ல இதற்குக் காரணம். அதன் தூரத்து உறவான ஒரு சிற்றுயிரின் குஞ்சு. ஜப்பானியர்கள் இந்நோயை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். நோயை உண்டாக்கும் கிருமிக்கு விஞ்ஞானிகள் இட்டிருக்கும் ஓரியன்ஷியா ட்ஸுட்ஸுகாமுஷி என்ற பெயரில், பின்பாதி ஜப்பானிய மொழிதான். 'முஷி' என்றால் பூச்சி.

எலி முதலிய சிறு பிராணிகளே இந்தக் குஞ்சுகளுக்கு வழக்கமான இரை. புதர் வழியே நடக்கும் மனிதன் அகப்பட்டால் அவனையும் அவை விடுவதில்லை. ஒரு குஞ்சு தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இவ்விதம் பிற உயிரின் மேல் ஒட்டி உண்கிறது. கிருமியோ தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஆகையால் முதல் கடியே நோயைத் தரப் போதுமானது. கடித்த இடத்தில் வலியும் இராது. ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் ஜுரம் காணும். தலைவலி, உடம்பு வலி, கண் சிவப்பு ஆகியவை உடன் வரும். எல்லா ஜுரங்களுக்கும் உள்ள லக்ஷணங்களே இவையாதலால், சந்தேகம் தோன்றுவதில்லை.

ஒரே ஓர் அடையாளம் மட்டும் இந்நோய்க்குத் தனியாக உண்டு. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் நெருப்பால் சுட்டது போன்ற ஒரு கரும் பொருக்கு உண்டாகும். சுற்றிலும் சிறிது சிவந்திருக்கும், வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பாகம், காதின் பின்புறம், இடுப்பில் ஆடையை இறுக்கும் இடம் முதலிய மறைவிடங்களையே பூச்சி நாடுகிறபடியால், நோயாளிக்கே அது தெரியாமல் போகிறது. வைத்தியரிடம் காட்டக் கூசி மறைப்பவர்களும் உண்டு, முக்கியமாகப் பெண்கள். இந்தப் பொருக்கு எல்லா நோயாளிகளிடமும் தோன்றுவதில்லை. ஆனால் தோன்றியவரிடம் அது ஆயிரம் பரிசோதனைக்குச் சமானமாகும்.

மழைக்குப் பின் வரும் குளிர்ந்த மாதங்களே வேலூர்ப் பக்கத்தில் இந்த ஜுரத்தின் காலம். புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கித் தை, மாசி வரையில் நோயாளிகள் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். 2024–25 பனிக் காலத்தில் இந்நோய் அதிகரித்தபோது தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதார இலாகா எச்சரிக்கை விடுத்தது. அதில் குறிப்பிடப்பட்ட ஜில்லாக்களில் ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகியவையும் சேர்ந்திருந்தன. சென்னைப் பட்டணமும் விலக்கப்படவில்லை.

மலையின் குற்றமா?

'மலையும் காடும் உள்ள இடத்தில் இப்படிப்பட்ட வியாதிகள் இருக்கத்தானே செய்யும்' என்று பட்டணவாசிகள் நினைக்கலாம். அந்த எண்ணம் சரியன்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் அவர்களுடன் கூடி உழைத்த பிற தேசத்து விஞ்ஞானிகளும் நகரப் பகுதி, சமவெளிக் கிராமம், காட்டோரத்து மலைக் கிராமம் ஆகிய மூவகை ஊர்களிலும் ஜனங்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, 2020-ம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். உண்ணிக் காய்ச்சல் வந்து போனதற்கான அடையாளம் அதிகமாகக் காணப்பட்டது மலையில் அன்று, சமவெளிக் கிராமங்களில்தான். மலைக் கிராமங்களில் அதிகமாகக் காணப்பட்டது இந்த ஜுரத்துக்கு உறவான இன்னொரு ஜுரம். அதற்குப் புள்ளிக் காய்ச்சல் என்று பெயர் சொல்லலாம்; மெய்யான உண்ணி கடிப்பதால் அது வருகிறது.

இதே கல்லூரியினர் லண்டன் சுகாதாரக் கல்விச்சாலை ஒன்றின் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 32,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2025-ம் வருஷத்தில் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கிராமங்களில் கடுமையான ஜுரத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று உண்ணிக் காய்ச்சல் என்று அது காட்டியது. வயல் வரப்பும், வீட்டுக் கொல்லைப்புறத்துப் புதரும் போதும். நடுக் காடு வேண்டியதில்லை.

ஆகவே மலையிலும் சமவெளியிலும் நோய் உண்டு. வித்தியாசம் வேறு விஷயத்தில் இருக்கிறது. சமவெளிவாசி நாலாம் நாள் ஆஸ்பத்திரியை அடைகிறான். மலைவாசிக்கு அது சுலபமன்று. 2023 மே மாதத்தில், வேலூர் ஜில்லா அணைக்கட்டுப் பகுதியில் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒரு குழந்தை, ஒழுங்கான பாதை இல்லாத காரணத்தால் உரிய நேரத்தில் ஆஸ்பத்திரியை எட்ட முடியாமல் இறந்தது. குழந்தையின் சடலத்தைத் தாய் கையில் சுமந்து மலைப் பாதையில் நடந்த செய்தி தேசமெங்கும் பரவியது. ஜுரம், பாம்புக் கடியைப் போல் மணிக் கணக்கில் கொல்வதில்லை. சில நாள் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்துக்குள் சரியான மாத்திரை உள்ளே போக வேண்டும். பிந்தினால் சுவாசகோசங்களில் நீர் கட்டும், சிறுநீரகமும் கல்லீரலும் கெடும், மூளையும் பாதிக்கப்படும். மருந்து கண்டுபிடிக்கப்படாத நாட்களில் சில பிரதேசங்களில் நோயாளிகளில் நூற்றுக்கு முப்பது பேர் வரையில் இறந்ததுண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் அஸ்ஸாம்–பர்மா முனையிலிருந்த படைகள் குண்டுகளுக்கு அஞ்சியதுடன் இந்தப் பூச்சிக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

எந்த மருந்து?

ஜுரம் என்றால் ஊசி போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள். பென்ஸிலின் வகையைச் சேர்ந்த மருந்துகளும், இன்று ஆஸ்பத்திரிகளில் தாராளமாக ஏற்றப்படும் விலை உயர்ந்த செஃபலோஸ்போரின் ஊசிகளும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. அந்த மருந்துகள் கிருமியின் வெளிச் சுவரை உடைத்துக் கொல்பவை. நம் கிருமியோ மனிதனுடைய உயிரணுவுக்கு உள்ளேயே புகுந்து குடியிருக்கிறது. மற்றக் கிருமிகளுக்கு உள்ளது போன்ற கெட்டியான சுவரும் அதற்கு இல்லை. அணுவுக்குள்ளே நுழைந்து, கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்க விடாமல் தடுக்கும் மருந்துதான் இங்கே பயன்படும். அப்படிப்பட்ட மருந்து டாக்ஸிசைக்ளின்.

1967-ம் வருஷத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மருந்து இது. அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய்க்கு மேல் போகாது. அரசாங்க வைத்திய நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. உலகச் சுகாதார ஸ்தாபனம் தயாரித்துள்ள அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் இதற்கு இடம் உண்டு. உண்ணிக் காய்ச்சலுக்கும் புள்ளிக் காய்ச்சலுக்கும் மாத்திரமின்றி, எலிக் காய்ச்சல், காலரா, பிளேக் ஆகியவற்றுக்கும் இது உதவும். மலேரியா வராமல் தடுப்பதற்கும் பிரயாணிகள் இதை உட்கொள்வதுண்டு. மலைக் கிராமத்து வைத்தியருக்கு இதில் ஒரு விசேஷ அனுகூலம்: வந்திருப்பது உண்ணிக் காய்ச்சலா, புள்ளிக் காய்ச்சலா என்று தடுமாற வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து.

சென்னையிலிருந்து சென்ற ஒருவர்

இந்த மருந்தின் பூர்வ சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். டாக்ஸிசைக்ளின் டெட்ராசைக்ளின் என்னும் குலத்தைச் சேர்ந்தது. அந்தக் குலத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவர சாஸ்திரி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிச்சாலையில் சேர்ந்து, மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பொன்னிறமான அம்மருந்தைப் பிரித்தெடுத்தார். 1948-ம் வருஷத்தில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த ஆராய்ச்சிச்சாலையின் தலைவராக இருந்து அந்த வேலையை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பராவ்.

1895-ம் வருஷம் பீமவரத்தில் பிறந்த சுப்பராவ், திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தத் தொடங்கிய அவர், ரண சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியுடனேயே போனார். ஆங்கிலேயரான ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சைகளில் நன்றாக எழுதியும், சுப்பராவுக்குக் கிடைத்தது முழுப் பட்டமாகிய எம். பி. பி. எஸ். அன்று, அதற்குத் தாழ்ந்த எல். எம். எஸ். பட்டந்தான். சில காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் போதித்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். தாயகம் மறுத்த இடத்தை அவருக்கு உழைப்பு தந்தது. நம் கடலோர ஜில்லாக்களில் யானைக்கால் நோய்க்குக் கொடுக்கப்படும் மாத்திரையும் அவருடைய ஆராய்ச்சிச்சாலையில் பிறந்ததே. ஆரியோமைசின் வெளியான அதே 1948-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சுப்பராவ் அமெரிக்காவிலேயே காலமானார்.

அதே வருஷத்தில், மலாய் நாட்டுக் கோலாலம்பூரில், ஜோஸப் ஸ்மாடெல் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும் குளோராம்ஃபெனிகால் என்ற வேறொரு புதிய மருந்தை உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று வாரம் தகித்துக் கொண்டிருக்க வேண்டிய ஜுரம் ஓரிரு நாளில் இறங்கிற்று. இந்நோய் மருந்துக்கு அடங்கும் என்று உலகம் அறிந்து கொண்டது அப்போதுதான். ஆனால் குளோராம்ஃபெனிகால் மிகச் சிலருக்கு எலும்பின் உட்சோறு வற்றிப் புது இரத்தம் ஊறாமற்போகும் கொடிய கோளாறை உண்டாக்குவது பின்னர் தெரிய வந்தது. அந்த அச்சம் நியாயமானது. ஆகவே அம்மருந்து பின்வாங்கியது. டெட்ராசைக்ளின் குலம் முன்னால் வந்தது. அதன் மேலும் ஒரு பழி காத்திருந்தது.

பல்லின் கறை

1950-களிலும் 1960-களிலும் உலகெங்கும் குழந்தைகளுக்கு டெட்ராசைக்ளின் பாகு மருந்தைக் கணக்கில்லாமல் புகட்டினார்கள். சளிக்கும் இருமலுக்கும்கூடக் கொடுத்தார்கள். சில வருஷங்களில் அக்குழந்தைகளுக்கு முளைத்த பற்கள் மஞ்சளாகவும், பிறகு பழுப்பாகவும் இருந்தன. இம்மருந்துக்குச் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக் கொள்ளும் குணம் உண்டு. பல்லும் எலும்பும் சுண்ணாம்புச் சத்தால் உருவாகின்றவை. ஈறுக்குள் பல் உருவாகிக் கொண்டிருக்கும் பருவத்தில் மருந்து இரத்தத்தில் சுற்றினால், அது பல்லோடு பல்லாகப் படிந்துவிடுகிறது. அந்தக் கறையைத் தேய்த்துப் போக்க முடியாது. ஆகையால், எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தக் குலத்து மருந்து எதுவும் ஆகாது என்று விதி ஏற்பட்டது. சில தேசங்களில் பன்னிரண்டு வயது என்று வைத்தார்கள்.

மூத்தவன் செய்த குற்றத்துக்குத் தம்பியையும் சேர்த்துத் தண்டித்த கதை இது. டாக்ஸிசைக்ளின் சுண்ணாம்புச் சத்தை அவ்வளவு இறுகப் பற்றுவதில்லை; கொடுக்கவேண்டிய அளவும் குறைவு, நாட்களும் குறைவு. ஆயினும் அது குழந்தைகளுக்கு விலக்கப்பட்டே இருந்தது. 2015-ம் வருஷத்தில் அமெரிக்கச் சர்க்காரின் நோய்த் தடுப்பு நிலையத்தார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். புள்ளிக் காய்ச்சல் மிகுந்த ஓர் ஆதிக்குடி மக்கள் பகுதியில், எட்டு வயதுக்குள் டாக்ஸிசைக்ளின் உட்கொண்ட 58 குழந்தைகளின் பற்களையும், உட்கொள்ளாத 213 குழந்தைகளின் பற்களையும், எவர் எந்தப் பிரிவு என்று அறியாத பல் வைத்தியர்கள் பரிசோதித்தார்கள். மருந்தினால் ஏற்படும் கறை ஒருவரிடமும் காணப்படவில்லை. இதன் பிறகு 2018-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தார், எந்த வயதுக் குழந்தைக்கும் 21 நாட்களுக்கு மிகாமல் டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள்.

நம் தேசத்துக்கு இதன் முக்கியத்துவம் என்ன? கோரக்பூரை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உத்தரப் பிரதேசத்தின் அந்தப் பகுதியில் வருஷந்தோறும் மழைக் காலத்தில் மூளைக் காய்ச்சலால் குழந்தைகள் கூட்டங் கூட்டமாக மடிந்து வந்தார்கள். மர்மக் காய்ச்சல் என்று பல ஆண்டுகள் எழுதப்பட்டது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தின் விஞ்ஞானிகளும் பிறரும் 2015-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆராய்ந்தபோது, அந்தக் குழந்தைகளில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்களிடம் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் இருந்தது. ஜுரம் கண்ட முதல் சில நாட்களிலேயே கிராமத்து ஆரோக்கிய நிலையத்தில் டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் கொடுத்துவிட்டால், அது மூளைக்கு ஏறாமல் தடுக்கலாம் என்ற கொள்கை அதன் பின்னரே அங்கே வழக்கத்துக்கு வந்தது.

பல்லில் கறை படியலாம் என்ற அச்சம் ஒரு தட்டில். குழந்தையின் உயிர் மற்றொரு தட்டில். அந்த அச்சமும் இந்த மருந்தின் விஷயத்தில் ஆதாரமற்றது என்று தெரிந்த பிறகு, தராசு எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியும், சந்தேகம் வலுவாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. ஏனெனில் இரத்தப் பரிசோதனையில் நோயின் அடையாளம் தெளிவாகத் தோன்ற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிவிடும்.

நியாயமான அச்சங்கள்

ஆனால் இதை வைத்துக் கொண்டு, டாக்ஸிசைக்ளின் ஒரு குற்றமும் அற்ற மருந்து என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. மதிக்கவேண்டிய அச்சங்கள் சில உண்டு.

முதலாவது, கர்ப்பிணிகள். பிறக்கப் போகும் சிசுவின் பல்லையும் எலும்பையும் கருதி, கர்ப்ப காலத்தில் இம்மருந்தைத் தவிர்ப்பது வழக்கம். பழைய டெட்ராசைக்ளினை 1960-களில் பெரிய அளவில் இரத்தக் குழாயில் ஏற்றியபோது சில கர்ப்பிணிகளுக்குக் கல்லீரல் கெட்டு உயிருக்கே ஆபத்து விளைந்தது. கர்ப்பிணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் அது தாய்க்கும் சிசுவுக்கும் பேராபத்தாகையால், சிகிச்சை இல்லாமல் விடவும் கூடாது. அவர்களுக்கு அஸித்ரோமைசின் இருக்கிறது. மாதவிடாய் தள்ளிப் போயிருந்தால் அதை வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லிவிடவேண்டும்.

இரண்டாவது, உணவுக் குழாய். இந்த மாத்திரை தொண்டைக்குக் கீழே வழியில் தங்கிவிட்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். படுக்கப் போகும் சமயம் ஒரு வாய்த் தண்ணீருடன் விழுங்கிவிட்டு உடனே சாய்ந்து விடுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும். குமட்டல் உண்டாகிறவர்கள் ஆகாரத்துடன் சாப்பிடலாம்.

மூன்றாவது, பாலும் இரும்புச் சத்தும். பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து ஆகியவை இதைப் பற்றிக் கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். சில மணி நேர இடைவெளி விடுவது நலம். பல்லில் கறை உண்டாக்கிய அதே குணந்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

நான்காவது, வெயில். இம்மருந்து உட்கொள்ளும் நாட்களில் சிலருக்கு வெயில் பட்ட தோல் எரிந்து சிவந்துவிடும். கழனியில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கவேண்டும்.

ஐந்தாவது, காலாவதியான மாத்திரைகள். கெட்டுப் போன பழைய டெட்ராசைக்ளினை உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு ஏற்பட்டது 1960-களிலேயே தெரிய வந்த விஷயம். அலமாரியில் மிஞ்சிக் கிடப்பதை அடுத்த வருஷத்து ஜுரத்துக்கு எடுத்துக் கொடுக்கும் சிக்கனம் நம் வீடுகளில் உண்டு. அந்தச் சிக்கனம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. டெங்கு, சளிக் காய்ச்சல் முதலியவை வைரஸ் என்னும் வேறு ஜாதிக் கிருமிகளால் வருபவை. அவற்றுக்கு இந்த மாத்திரையால் யாதொரு பயனும் இல்லை. கடையில் தாமாகவே வாங்கி விழுங்குவதால் நோய் தீராது. நம் உடலிலுள்ள மற்றக் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் இருக்கக் கற்றுக் கொள்வதே மிச்சமாகும். எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும். ஜுரம் இரண்டு நாளில் இறங்கிவிட்டதென்று பாதியில் நிறுத்துவதும் தவறு.

வேலூரில் நடந்த சோதனை

நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு என்ன செய்வது? பழைய மருந்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பெரிய கம்பெனிகள் முன்வருவதில்லை; லாபம் இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்கள் நம் தேசத்து வைத்தியர்களே. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில், இந்தியாவிலுள்ள ஏழு ஆஸ்பத்திரிகளில், கடுமையான உண்ணிக் காய்ச்சல் கண்ட 794 பேரிடம் சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு டாக்ஸிசைக்ளின், மற்றொரு பிரிவினருக்கு அஸித்ரோமைசின், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் சேர்த்து இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்பட்டன. முடிவுகள் 2023-ல் வெளியாயின. மரணம், ஏழாம் நாளிலும் தீராத உறுப்புக் கோளாறு, ஐந்தாம் நாளிலும் இறங்காத ஜுரம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் டாக்ஸிசைக்ளின் பிரிவில் நூற்றுக்கு 47 பேர். அஸித்ரோமைசின் பிரிவில் 48 பேர். இரண்டும் பெற்ற பிரிவில் 33 பேர். மரணத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் மூன்று பிரிவுகளுக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மலிவான இரண்டு பழைய மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதால் நோயாளி விரைவில் தேறுகிறார் என்பது ஒன்று. முற்றிய பிறகு எந்த மருந்தாலும் எல்லோரையும் காப்பாற்ற முடிவதில்லை என்பது மற்றொன்று. ஆகவே தொடக்கத்திலேயே கொடுக்கப்படும் மாத்திரைக்கு ஈடு வேறு எதுவும் இல்லை.

நாம் செய்யவேண்டியது

இந்நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. புல்தரையில் வெறுமனே உட்காருவதையும் படுப்பதையும் தவிர்க்கவேண்டும். துணிகளைப் புதர் மேலும் புல் மேலும் உலர்த்தக் கூடாது. கழனியிலிருந்தும் காட்டிலிருந்தும் திரும்பியவுடன் உடம்பைத் தேய்த்துக் குளித்து ஆடை மாற்றுவது நல்ல காப்பு. வீட்டைச் சுற்றியுள்ள புதர்களை அகற்றி, எலிகளைக் குறைக்கவேண்டும். மழைக்குப் பிந்திய மாதங்களில் ஜுரம் கண்டால், குளிப்பாட்டும்போது குழந்தையின் உடம்பு முழுவதையும் தாயார் ஒரு முறை பார்க்கவேண்டும். கரும் பொருக்கு தென்பட்டால் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். ஜவ்வாது மலைக்கோ ஏற்காட்டுக்கோ உல்லாசமாகப் போய் வந்தவர்கள் ஜுரம் வந்தால், 'மூன்று வாரத்துக்குள் மலைக்குப் போயிருந்தோம்' என்று வைத்தியரிடம் சொல்லத் தவறக் கூடாது.

நம்மால் இவ்வளவு செய்துகொள்ள முடியும். மலை மேல் வாழும் குடும்பத்துக்கு இதோடு இன்னும் இரண்டு வேண்டும். மழைக் காலத்திலும் போகக்கூடிய பாதை ஒன்று. பாதை போடும் வரையில் காத்திராமல், ஜமுனாமரத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு துணை நிலையத்திலும் ஐப்பசி முதல் மாசி வரையில் இந்த மாத்திரை தீராமல் இருப்பது மற்றொன்று. பாதைக்குப் பெருந் தொகை வேண்டியிருக்கலாம். மாத்திரைக்கு வேண்டியது சில ரூபாயும், நோயாளியின் அக்குளைத் தூக்கிப் பார்க்கும் ஒரு வைத்தியரும், 'குழந்தைக்குக் கொடுக்கலாமா?' என்று கேட்கும் தாய்க்குத் தைரியமாகப் பதில் சொல்லும் ஒரு செவிலியும்தான். அவற்றுக்கு எந்தத் திட்டத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஐப்பசிக்குள்ளேயே செய்துவிடலாம்.